பட்டனை அமத்த முதல் கேளுங்கோ



போன எபிசோட்டில் "நெட்வேர்க் விழுந்தால் என்ன செய்யலாம்" எண்டு கதைத்தபோது ஹாம் ரேடியோ பற்றி ஒரு ஐந்து நிமிடம் வந்தது. அதுக்குப் பிறகு எங்களுக்கு வந்த கேள்விகளில் ஒன்று இது: "அண்ணா, ஒரு பட்டனை அமத்திப் பேசுறதுக்கு ஏன் இவ்வளவு விதி? வயசான ஆக்கள் புதுசா வாறவங்களைத் துரத்துறதுக்கு வைச்சிருக்கிற வேலையா இது?"

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க ஏலாது, அதனால்தான் இந்த வாரக் கடிதம் முழுக்க இதைப் பற்றியே. சுருக்கமாக என் கருத்து: விதிகள் வேணும், கெடுபிடி வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்கைக் கெடுக்கிறார்கள். அதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன்.

2023 ஏப்ரல் 5, புதன்கிழமை. மொன்றியலில் இருந்தவர்களுக்கு அந்த ஐஸ் மழை மறந்திருக்காது. கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. இங்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மரங்கள்தான் எங்கள் பெருமை. அன்றைக்கு அந்த மரங்களே கிளை கிளையாக முறிந்து கம்பிகளில் விழுந்தன. எங்கள் வீதியிலும் கரண்ட் இல்லை, வைஃபை இல்லை. போனில் ஒரு கோடு வரும், போகும். வட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு எல்லாம் நின்றது.

நான் ஹாம் சான்றிதழ் எடுத்து அப்போது மூன்று மாதம். கையில் ஒரு மலிவான கைக்கருவி. "இதுக்குத்தானே படிச்சனான்" எண்டு உற்சாகத்தில் அதைப் போட்டு, உள்ளூர் ரிப்பீட்டரின் அலைவரிசைக்கு வைத்து, உடனே பட்டனை அமத்தி என் கால் சைனைச் சொல்லி, "யாராவது இருக்கிறீங்களா, என் சிக்னல் எப்படி?" எண்டு கேட்டேன்.

பட்டனை விட்டதும் ஒரு பெரியவரின் குரல், நிதானமான ஆங்கிலத்தில்: "இப்போது பேசிய நிலையம், தயவுசெய்து காத்திருங்கள். அதற்கு முன் பேசிய நிலையம், போன் இலக்கத்தைத் திரும்பச் சொல்லுங்கள்."

நான் யார் மேலே பேசினேன் எண்டு பிறகுதான் விளங்கியது. வயதான ஒருவர், தன் மகளுக்கு ஒரு செய்தி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் நலம், வீட்டு வாசலில் கம்பி விழுந்து கிடக்கிறது, நாளைக்கு வர வேண்டாம். அவ்வளவுதான் செய்தி. மகளின் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை அவர் சொல்லும்போது நான் அமத்திவிட்டேன். திரும்பச் சொல்ல ஆரம்பித்தார், மூன்றாவது எண்ணோடு அவருடைய பற்றரி முடிந்துபோனது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பேசத் தொடங்கும்போது தன் கால் சைனைத் தெளிவாக, எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தார். அதை எழுதி வைத்திருந்த இன்னொருவருக்கு அவரைத் தெரியும். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்து, செய்தியையும் சேர்த்துவிட்டார். அந்தச் செய்தி காப்பாற்றப்பட்டது அவர் ஒழுங்காகப் பேசியதால். கிட்டத்தட்டத் தொலைந்தது நான் ஒழுங்கில்லாமல் பேசியதால்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவன் நான், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் எண்டு சொல்லுறன். போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், ஒருவர் குறுக்கிட்டால் மற்றவருக்குக் கேட்கும். கைக்கருவி அப்படி இல்லை. நீங்கள் பட்டனை அமத்தியிருக்கும் நேரம் முழுக்க உங்கள் ரிசீவர் வேலை செய்யாது. பேசுறவருக்குக் காது இல்லை. நீங்கள் யாருடைய பேச்சை மூடுகிறீர்கள் எண்டு உங்களுக்கே தெரியாது. எஃப்எம்மில் இன்னும் மோசம்: இரண்டு சிக்னல் ஒன்றாக வந்தால் பலமானது மட்டும்தான் கேட்கும், பலவீனமானது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். என்னுடைய பற்றரி புதுசு, அவருடையது சாகப்போகிறது. உதவி தேவைப்படுகிறவரின் சிக்னல்தான் பெரும்பாலும் பலவீனமாக இருக்கும். இதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கோ.

இந்தச் சிக்கலை நம் துறை 1971லேயே சந்தித்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழு, தீவுகளுக்கிடையே கம்ப்யூட்டர்களை ரேடியோவால் இணைத்து அலோஹாநெட் எண்டு ஒன்றை இயக்கியது. விதி மிக எளிது: அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு, மோதினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால், எவ்வளவு முயன்றாலும் அந்த சானலின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது. நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பலாம் எண்டு வைத்தால் 37 சதவீதம் வரை போகலாம். அதையும் தாண்ட வேண்டுமென்றால் ஒரு வழி: அனுப்ப முதல் கேள். இன்றைக்கு உங்கள் வீட்டு வைஃபை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதைத்தான் செய்கிறது. முதலில் கேட்கும், யாரும் இல்லாவிட்டால் ஒரு சின்ன இடைவெளி விட்டு அனுப்பும்.

ஹாம் ரேடியோவின் "மரியாதை" எனப்படுவது இந்தப் புரோட்டோகோல்தான். மனிதர்கள் ஓட்டுகிற புரோட்டோகோல். ரவுட்டர் இல்லை, அட்மின் இல்லை, மியூட் பட்டன் இல்லை. ஒரு அலைவரிசையும் யாருக்கும் சொந்தமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒழுங்கு ஒவ்வொருத்தர் விரலிலும்தான் இருக்க முடியும்.

இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் தெரியும்.

முதலில் கேளுங்கோ, ஒரு நிமிடமாவது. பிறகு "இந்த அலைவரிசை பாவனையில் இருக்கா?" எண்டு கேட்டு, கால் சைன் சொல்லுங்கோ. கேட்டுப் பார்த்த பிறகும் ஏன் கேள்வி கேட்க வேணும்? ஏனென்றால் சிற்றலையில் ஒரு உரையாடலின் ஒரு பக்கம் உங்களுக்குக் கேட்காமலே இருக்கலாம். இப்போது பேசுகிறவர் உங்கள் வானொலிக்கு எட்டாத இடத்தில் இருப்பார். அவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர் உங்களுக்குப் பதில் சொல்லலாம். நெட்வேர்க் வகுப்பில் படித்த ஹிடன் டெர்மினல் பிரச்சினை இதுதான்.

பட்டனை அமத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கோ. ரிப்பீட்டர் எழும்ப ஒரு கணம் எடுக்கும். அவசரப்பட்டால் கால் சைனின் முதல் எழுத்து வெட்டுப்படும், பிறகு நீங்கள் யார் எண்டே தெரியாது.

மற்றவர் பேசி முடித்ததும் உடனே பாயாதீங்கோ. இரண்டு மூன்று நொடி விடுங்கோ. அந்த இடைவெளி உங்களுக்காக விடப்பட்டதில்லை. வீதியில் விபத்தைப் பார்த்த ஒருவர், பற்றரி முடியப்போகிற ஒருவர், தன் கால் சைனைச் சொல்லி உள்ளே வருவதற்கான கதவு அது. நீங்களும் உங்கள் நண்பரும் இடைவெளியே இல்லாமல் அரை மணி நேரம் கதைத்தால், அந்தக் கதவை அரை மணி நேரம் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

சுருக்கமாகப் பேசுங்கோ. நெட் நடந்தால், அதாவது ஒருவர் ஒழுங்குபடுத்தி எல்லாரும் முறை வைத்துப் பேசினால், அவர் கூப்பிடும்வரை பொறுங்கோ. அவசரச் செய்தி வந்தால் எல்லாரும் நிறுத்த வேணும். உதவ முடியாதவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வாயை மூடிக்கொண்டு கேட்டு எழுதுவது. அன்றைக்கு அந்தக் கால் சைனை எழுதி வைத்தவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சரி, இனி கேள்வியின் அடுத்த பாதி. இந்த விதிகள் எங்களைப் போன்ற ஆக்களை வெளியே வைக்கவா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரேடியோவில் ஒலிக்கும் குரல்களில் என் அப்பாவின் உச்சரிப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்துக்களைச் சொல்லும் முறையை எடுங்கோ: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் மொன்றியலில்தான் இருக்கு. அதற்கு முதல் இருந்த முறை, ஏபிள், பேக்கர் எண்டு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகவே செய்யப்பட்டது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசும் விமானிகளுக்கு வாயில் வராத சொற்கள். அதனால் 1940களின் கடைசியில் மொன்றியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜான்-போல் வினேயின் ஆய்வோடு, பல மொழிக்காரரின் வாயிலும் காதிலும் நிற்கக்கூடிய சொற்களைத் தேடினார்கள். திருத்தித் திருத்தி, 1956இல் இன்றைய வடிவம் நடைமுறைக்கு வந்தது. கியூ எழுத்துக்கு "கியூபெக்" எண்டு வைத்ததைக் கவனித்தீர்களா?

அதாவது இந்த முறை, உச்சரிப்பு வேறுபடுகிறவர்களும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள வேணும் எண்டே செய்யப்பட்டது. என் அப்பா போனில் தன் பெயரைச் சொல்லும்போது மறுமுனையில் "என்ன, என்ன?" எண்டு நான்கு தரம் கேட்பார்கள். வங்கிக்குப் போன் எடுக்க என்னைக் கூப்பிடுவதற்குக் காரணமே அதுதான். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும். ஆனால் "விக்டர் ஆல்ஃபா டூ" எண்டு தொடங்கி ஒருவர் சொன்னால், அவர் யாழ்ப்பாணத்தாரா, பிரெஞ்சுக்காரரா, யப்பானியரா எண்ட கேள்வியே இல்லை. எழுத்து சரியாகப் போய்ச் சேரும். நல்ல நடைமுறை, பலமான குரல் இல்லாதவருக்குப் பலம். விதி இல்லாத இடத்தில்தான் சத்தமாகப் பேசுகிறவர் வெல்வார்.

கெடுபிடி வேறு. ஒரு அரிய நாட்டிலிருந்து ஒருவர் பேசுகிறார், உலகமே அவரைக் கூப்பிடுகிறது எண்டு வையுங்கோ. அவர் ஒரு அலைவரிசையில் பேசி, சற்று மேலே இன்னொன்றில் கேட்பார். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் அவர் பேசும் இடத்திலேயே கூப்பிட்டுவிடுவார். உடனே பத்துப் பேர் அதே இடத்தில் "மேலே போ, மேலே போ" எண்டு கத்துவார்கள். பிழை விட்டவர் இரண்டு நொடி கெடுத்தார், திருத்த வந்தவர்கள் இரண்டு நிமிடம் கெடுத்தார்கள். இவர்களை ஹாம்கள் கேலியாக அலைவரிசைப் பொலிஸ் எண்டு சொல்வார்கள். இவர்களுக்கான விதியும் ஒன்று இருக்கு: பதில் சொல்லாதே. அன்றைக்கு என்னைத் திருத்திய பெரியவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம். திட்டவில்லை. பிறகு எல்லாம் முடிந்ததும் என் கால் சைனைக் கூப்பிட்டு, "உங்கள் சிக்னல் நன்றாக இருக்கு, நல்வரவு" எண்டார். என் கேள்விக்குப் பதிலும் வந்தது, மானமும் போகவில்லை.

இது எங்கள் கடல்களிலும் நடந்த கதை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத், கால் சைன் வீயூ2ஆர்பிஐ, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவில் கேட்காத தீவு எண்டபடியால் உலகம் முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசத் துடித்தது. டிசம்பர் 26 காலை சுனாமி. தொலைபேசிகள் போயின. முதல் நாள்வரை பொழுதுபோக்குக்குப் பேசிய அதே நிலையம், உயிரோடு இருப்பவர்களின் செய்திகளைப் பெருநிலத்துக்குச் சொல்லும் நிலையமாக மாறியது. அதற்கு அவருடைய துணிவு மட்டும் போதாது. முதல் நாள் அவரைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அமைதியாக இருந்தால்தான் அந்தச் செய்திகள் போகும்.

அதே நாட்களில் இலங்கையில், இலங்கை ரேடியோ சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையில் இணைத்தார்கள். இலங்கையில் அந்த அலை 30,000 பேருக்கும் மேல் கொண்டுபோனது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் எங்கள் சொந்தக்காரர் தேடப்பட்ட நாட்கள் அவை. இங்கே எங்கள் வீட்டில் போனைச் சுற்றி இருந்தது எனக்கு நினைவிருக்கு. அடித்துக்கொண்டே இருந்தோம், லைன் போகவே இல்லை.

நான் முதல் கைக்கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா கேட்டது: "உதென்ன வோக்கியே? உதை வெளியில காட்டிக்கொண்டு திரியாத." கேலியாகச் சொல்லவில்லை. முகம் மாறியிருந்தது. போர்க்காலத்தில் அங்கே ஒரு சாதாரண ஆள் கையில் அப்படி ஒன்று இருந்தால் என்ன நடக்கும் எண்டு அவருக்குத் தெரியும். எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு ரேடியோ எண்டால் கேட்பதற்கு மட்டும்தான். 90களில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரியே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் மூச்சு விடாமல் கேட்பார்கள். இடையில் ஒருவர் பேசினால் செய்தி போய்விடும், திரும்ப வராது.

இதை அப்பா எனக்குச் சொன்னது அந்த ஐஸ் மழை இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், நான் என் பிழையைச் சொன்ன பிறகு. "நாங்கள் கேக்கப் பழகினனாங்கள். நீங்கள் பேசப் பழகினனீங்கள்" எண்டார். எனக்கு அதுக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டிலேயே இருக்கு, பேசும் உரிமை இந்த நாட்டில் கிடைக்குது. இரண்டையும் சேர்க்க வேண்டியது எங்கள் தலைமுறை.

உரிமை எவ்வளவு லேசாகக் கிடைக்குது எண்டு பாருங்கோ. கனடாவில் அடிப்படைச் சான்றிதழுக்கு 100 கேள்விகள். 70 எடுத்தால் போதும், 80 எடுத்தால் சிற்றலையும் திறக்கும். மோர்ஸ் கட்டாயமில்லை. கேள்வி வங்கியை அரசே இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். வயது எல்லை இல்லை. உங்கள் தங்கச்சிக்கு 12 வயது எண்டாலும் எழுதலாம். படிக்கும் வரைக்கும் கேட்டுப் பழகுங்கோ. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை பிரவுசரிலேயே திருகிச் சிற்றலை கேட்கலாம். சான்றிதழ் வரும் வரை எந்தக் கருவியிலும் பட்டனை அமத்த வேண்டாம்.

தமிழில் பேசலாமா எண்டும் கேட்பீர்கள். பேசலாம். கால் சைனைத்தான் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் சொல்ல வேணும்: தொடக்கத்தில், முடிவில், இடையில் குறைந்தது 30 நிமிடத்துக்கு ஒருமுறை. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். ஒருமுறை யாரோ ஒருவர் என் நண்பனிடம் "இங்கே எல்லாருக்கும் விளங்கும் மொழியில் பேசு" எண்டார். என் கருத்து, தமிழில் பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. இடைவெளி விடாமல் பேசுவதுதான் மரியாதைக் குறைவு, அது எந்த மொழியாக இருந்தாலும். மூன்றாவது ஆள் கால் சைன் சொல்லி உள்ளே வந்தால் அவருக்கு விளங்கும் மொழிக்கு மாறுங்கோ. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செய்வதுதானே அது.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. மேற்குத் தீவில், சென் ரெஜிஸ் வீதி முருகன் கோயிலைச் சுற்றி இருக்கும் எங்கள் சனத்தில் ஒரு வீதிக்கு ஒருவராவது இந்தச் சான்றிதழ் வைத்திருக்க வேணும். அடுத்த ஐஸ் மழை வரத்தான் போகுது. 1998 ஜனவரியில் வந்தது, 2023இல் வந்தது. அன்றைக்கு உங்கள் அம்மம்மா பத்திரமாக இருக்கிறா எண்ட செய்தி டொரொன்டோவில் இருக்கும் மாமாவுக்குப் போக வேணும். கருவி எண்டால் ஐம்பது டொலருக்கே வாங்கலாம். பொறுத்துக் கேட்கும் பழக்கத்தைக் கரண்ட் போன பிறகு வாங்க ஏலாது. அது ஒவ்வொரு நாளும், ஒன்றும் நடக்காத சாதாரண இரவுகளில், இரண்டு நொடி இரண்டு நொடியாகப் பழக வேண்டியது.

பின்குறிப்பு: ஹாம்கள் விடைபெறும்போது 73 எண்டு சொல்வார்கள். பழைய தந்திக்காரர் காலத்துச் சொல், "அன்பான வாழ்த்துகள்" எண்டு பொருள். அதிலேயே பன்மை இருக்கு, அதனால் "73கள்" எண்டு சொல்லாதீங்கோ. யாராவது சொன்னால் திருத்தவும் வேண்டாம். பொலிஸ் வேலை எங்களுக்கு வேண்டாம்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம். எல்லாருக்கும் 73.